சாத்துவாரு: ஒரு கஸ்டடி வழக்கின் இரண்டு அறிக்கைகள்

இந்த வழக்கில் இரண்டாவது அறிக்கையை எழுதியவள் நான். குழந்தைகளோடும் பிரிந்துபோன பெற்றோரோடும் பேசுவது என் தொழில். நீதிமன்றம் கேட்டால் பார்த்ததை எழுதிக் கொடுப்பேன். வழக்கு முடிந்து, இரு தரப்பின் சம்மதத்தையும் வாங்கிய பிறகே இதை எழுதுகிறேன். வயது, வேலை போன்றவற்றில் அடையாளம் தெரியாத அளவுக்குச் சிறு மாற்றங்கள் உண்டு. ஏரியாக்களை மட்டும் மாற்றவில்லை. அவற்றை மாற்றினால் சொல்ல வந்ததே போய்விடும்.

பின்னணி

அப்பா பள்ளி வேன் ஓட்டுகிறார், சொந்த வண்டி. வீடு வடசென்னையின் வியாசர்பாடியில், ஒற்றை அறையும் சமையலறையும். பக்கத்து வாசலில் அவருடைய அக்கா குடும்பம். அம்மா வங்கியில் வேலை பார்க்கிறார். பிரிந்த பிறகு அண்ணா நகர் மேற்கில் மூன்றாம் மாடியில் தன் பெற்றோருடன் இருக்கிறார். காதல் திருமணம், சாதி வேறு. அம்மா வீட்டார் பேரன் பிறந்த பிறகுதான் பேசத் தொடங்கினார்கள், அதுவும் மகளோடு மட்டும்.

பிரிவுக்குக் காரணம் அப்பாவின் குடி. அதில் இரு தரப்பிலும் மறுப்பு இல்லை. அம்மா வெளியேறியபோது பையனுக்கு ஐந்தரை வயது. பெரம்பூரில் ஒன்றாம் வகுப்பு, அப்பாவின் வேனிலேயே போய்வந்தான். 'கொஞ்ச நாளைக்கு அவன் அங்கேயே இருக்கட்டும்' என்று அம்மா நினைத்திருக்கிறார். அந்தக் கொஞ்ச நாள் ஒரு வருடமாகிவிட்டது. இடையில் அப்பா குடியை விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பையன் அண்ணா நகர் போய்வந்தான். எழுத்தில் எதுவும் இல்லை.

ஒரு மே மாத விடுமுறையில் பத்து நாளுக்கென்று போனவனைச் சொன்ன நாளில் திருப்பி அனுப்பவில்லை. அப்பா நேரே போய் அபார்ட்மென்ட் கேட்டில் நின்று சத்தம் போட, செக்யூரிட்டி தடுக்க, மாடியெல்லாம் எட்டிப் பார்க்க, பையன் அழுதுகொண்டே இறங்கி வந்தான். அதோடு ஞாயிற்றுக்கிழமைகளும் நின்றன. ஆகஸ்டில் அம்மா கஸ்டடி கேட்டு 1890-ஆம் ஆண்டின் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்தின் கீழ் மனு போட்டார். நீதிமன்ற வராந்தாவில் ஜி.டபிள்யூ.ஓ.பி. என்பார்களே, அது. கூடவே இடைக்கால கஸ்டடிக்கு ஒரு ஐ.ஏ., அதாவது இடைக்கால மனு. பையனுக்கு அப்போது ஏழு வயது. ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது 1956-ஆம் ஆண்டின் இந்து மைனாரிட்டி அண்ட் கார்டியன்ஷிப் சட்டம். அந்த வயதை இவன் தாண்டியிருந்தான். ஆகவே எல்லாம் 'குழந்தையின் நலன்' என்ற ஒரே கேள்வியில் வந்து நின்றது.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நீதிமன்றத்துக்கு ஒரு கண் தேவைப்படுகிறது. சில வெளிநாடுகளில் குழந்தைக்கென்றே தனியாக ஒரு காப்பாளரை வழக்குக்கு மட்டும் நியமிப்பார்கள். நம் ஊர் கஸ்டடி வழக்கில் பெற்றோர் இருவரும் கட்சிக்காரர்கள், குழந்தை கட்சிக்காரர் இல்லை. அவன் சார்பில் பேச வழக்கமாக யாரும் நியமிக்கப்படுவதும் இல்லை. நடைமுறையில் அந்த வேலை, 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் வரும் ஆலோசகர் மேல் விழுகிறது. அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவோ, சாட்சியச் சட்டப்படி ஏற்கத்தக்கதோ இல்லையோ, உதவும் என்று தோன்றும் எந்த அறிக்கையையும் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. குடும்பச் சண்டையைச் சாட்சிக் கூண்டிலிருந்து இறக்குவதற்காக வைத்த நல்ல ஏற்பாடு. ஆனால் யாரோ சொன்னதும், ஆலோசகர் ஊகித்ததும், நேரில் பார்த்ததும் ஒரே தாளில் ஒரே கனத்தோடு உட்கார்ந்துவிட அதுவே வழியும் விடுகிறது.

முதல் அறிக்கை

நீதிமன்றம் முதலில் ஞாயிற்றுக்கிழமை சந்திப்பை மீட்டுக் கொடுத்தது. பிறகு ஓர் ஆலோசகரை இரண்டு வீடுகளையும் பார்த்து அறிக்கை தரச் சொன்னது. பிப்ரவரியில் நான்கு பக்க ஆங்கில அறிக்கை வந்தது. அம்மா வீட்டுக்கு ஒன்றரைப் பக்கம். தனிப் படிப்பறை, புத்தக அலமாரி, பேரனோடு கேரம் ஆடும் தாத்தா, பால்கனியில் துளசிச் செடி. அப்பா வீட்டுக்கு ஆறு வரி. வீடு குறுகலானது, சுற்றிலும் கழிவுநீர் தேங்கியிருக்கிறது, சமூகவிரோதிகள் நடமாடும் பகுதி, வளரும் பிள்ளைக்கு ஏற்றதல்ல. கடைசியில் ஒரு வாக்கியம்: தந்தை இரவில் அடிப்பதாகக் குழந்தை தெரிவித்தது.

அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. இடைக்கால கஸ்டடி அம்மாவுக்குப் போனது. அப்பாவுக்குச் சனிக்கிழமை இரண்டு மணி நேரம், நீதிமன்றத்தின் குழந்தைகள் அறையில், கண்காணிப்போடு. நீதிபதியை நான் குறை சொல்ல மாட்டேன். அப்படி ஒரு வரி கையில் இருக்கும்போது வேறு உத்தரவு போட எனக்கும் துணிச்சல் வராது.

ஆட்சேபம்: முதலில் ஆள் மீது, பிறகு முறை மீது

அப்பாவின் முதல் வக்கீல் பதினோரு பக்க ஆட்சேபம் போட்டார். ஆலோசகரும் அம்மாவும் ஒரே சாதி, ஆலோசகர் ஆண்களை வெறுப்பவர், அம்மா வீட்டில் காபி பலகாரம் சாப்பிட்டார் என்று அடுக்கியிருந்தார். எதற்கும் ஆதாரம் இல்லை. நீதிமன்ற ஊழியர் மேல் சேற்றை வாரி இறைப்பதாக நீதிபதி கண்டித்தார். இரண்டு வாய்தா அதிலேயே போனது. வேறு வழக்குகளிலும் இதைப் பார்த்திருக்கிறேன். பாதிக்கப்பட்டவருக்குச் சாய்வு கண்கூடாகத் தெரியும். ஆனால் அதை அந்த நபரின் குணமாகச் சொல்லத் தொடங்கியதும் நிரூபிக்கும் பாரம் முழுக்க அவர் தலையில் ஏறிவிடும். ஒருவர் மனசுக்குள் என்ன இருந்தது என்பதை எந்த மெமோவாலும் காட்ட முடியாது.

திருப்பம் வேனிலிருந்து வந்தது. தினமும் அந்த வண்டியில் போகும் ஒரு சிறுமியின் அம்மா வக்கீல். டிரைவர் மாதக்கணக்கில் வாடிய முகத்தோடு வருவதைப் பார்த்து விசாரித்திருக்கிறார். அவர் வழக்கை எடுத்ததும் பழைய ஆட்சேபத்தை வாபஸ் வாங்கி, மூன்று பக்கத்தில் புதியது போட்டார். அதில் சாதியும் இல்லை, காபியும் இல்லை. கோப்பில் இருந்த வருகைப் பதிவை வைத்து நான்கே விஷயங்களைச் சொல்லியிருந்தார்.

அம்மா வீட்டில் ஆலோசகர் இருந்தது இரண்டு மணி பத்து நிமிடம், அப்பா வீட்டில் இருபது நிமிடம். அம்மா வீட்டுக்குப் போனது ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பையன் அங்கே இருந்தபோது. அப்பா வீட்டுக்குப் போனது நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, பையன் பள்ளியில் இருந்தான். அதாவது அப்பாவையும் மகனையும் அவர்கள் வீட்டில் சேர்த்து ஒரு நிமிடம்கூட யாரும் பார்க்கவில்லை. நவம்பர் செவ்வாய் எப்படிப்பட்ட நாள் என்பதும் அதில் இருந்தது. வடகிழக்குப் பருவமழை கொட்டி, வியாசர்பாடிப் பக்கம் மழைக்கு மூழ்கும் கணேசபுரம் சுரங்கப்பாதை மூடிக் கிடந்த வாரம். வடசென்னைக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டாம். நான்காவது, 'சமூகவிரோதிகள்' என்ற சொல் யார் சொன்னது என்று அறிக்கையில் இல்லை. போலீஸ் விசாரணையோ அக்கம்பக்க வாக்குமூலமோ எதுவும் இணைக்கப்படவில்லை.

ஆலோசகரைக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேட்டிருந்தார்கள். நீதிபதி அதற்குப் போகாமல், குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவின் கீழ் வெளியாள் ஒருவரிடம் இரண்டாவது அறிக்கை கேட்டார். குடும்ப நலப் பணியில் இருப்பவரின் உதவியை நீதிமன்றம் நாடலாம் என்பது அந்தப் பிரிவு. முடிந்தால் பெண்ணாக இருப்பது நல்லது என்றும் அதிலேயே இருக்கிறது. அப்படித்தான் என்னிடம் வந்தது. அதற்குள் ஜூலை ஆகிவிட்டது. ஜூனில் அம்மா பையனை அண்ணா நகரில் புதுப் பள்ளியில் சேர்த்துவிட்டார்.

நான் எடுத்த முடிவுகள்

ஒப்புக்கொள்ளும் முன்பே எழுத்தில் ஒன்றைத் தெரிவித்தேன். நான் பிறந்து வளர்ந்தது அயனாவரம், படித்தது பெரம்பூர். வியாசர்பாடி என்றதும் மற்றவர்களுக்கு வரும் பயம் எனக்கு வராது. அதற்குப் பதில் ஒரு ரோஷம் வரும். அதுவும் சாய்வுதான். இரு தரப்பிலும் ஆட்சேபம் இல்லை என்று பதிவானது.

முதல் அறிக்கையை என் வருகைகள் முடியும்வரை படிப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். அடிப்பதாக ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது என்ற அளவில் மட்டும் நீதிமன்ற உத்தரவிலிருந்து தெரியும். எழுதிய பக்கத்தைப் படித்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால், அதை ஆமோதிக்கவோ மறுக்கவோதான் கண் தேடும்.

இரண்டு வீட்டுக்கும் தலா மூன்று வருகை, ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம். ஒரு சனிக்கிழமை காலை, ஒரு சனிக்கிழமை மாலை, ஒன்று முன்கூட்டிச் சொல்லாமல். இரண்டு வீட்டிலும் ஒரே வேலைகளைப் பார்ப்பேன்: சாப்பிட வைப்பது, வீட்டுப்பாடம், 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டிய ஒரு தருணம். இதில் ஒரு சிக்கல் இருந்தது. அப்பாவோ மகனை நீதிமன்ற அறையில்தான் பார்க்கிறார். ஒரு வீட்டையும் ஒரு விசிட்டேஷன் அறையையும் ஒப்பிட்டு நான் என்ன எழுதுவது? மதிப்பீட்டுக்காக மட்டும் மூன்று நாள் பகல் பொழுதில், அத்தை உடனிருக்க, பையன் வியாசர்பாடி வீட்டில் இருக்க அனுமதி கேட்டேன். அம்மா தரப்பு கடுமையாக எதிர்த்தது. அடிக்கிறார் என்ற குற்றச்சாட்டு நிற்கும்போது அந்த எதிர்ப்பு நியாயமானதே. நான் முழு நேரமும் அங்கேயே இருப்பேன் என்ற நிபந்தனையோடு நீதிபதி சம்மதித்தார்.

கடைசி முடிவுதான் பிறகு காப்பாற்றியது. தனியாகப் போகவில்லை. என்னிடம் பயிற்சியில் இருந்த ஒரு பெண்ணை அழைத்துப் போனேன். அவர் ஊர் தூத்துக்குடிப் பக்கம். சென்னையின் எல்லா ஏரியாவும் அவருக்கு ஒன்றுதான். இருவரும் தனித்தனியாக எழுதினோம். பையன் சொன்னதை அவன் சொன்ன தமிழிலேயே, இழுவையும் கொச்சையும் மாற்றாமல் குறித்தோம்.

பார்த்தவை

அண்ணா நகர் வீடு முதல் அறிக்கை சொன்னபடியேதான் இருந்தது என்று பின்னால் படித்தபோது தெரிந்தது. படிப்பறை உண்மை, கேரம் உண்மை. அதில் இல்லாததையும் பார்த்தோம். அம்மா வங்கியிலிருந்து வர ஏழரை ஆகிறது. அதுவரை பையன் தாத்தா பாட்டியோடு. பாட்டி அவனிடம் பேசும்போது அப்பாவுக்குப் பெயரே இல்லை, 'அந்த ஆளு'தான். அம்மா வந்த பிறகு வீடு மாறுகிறது. அவன் தலையில் எண்ணெய் வைத்தபடி அன்றைய பள்ளிக் கதையைக் கேட்கிறார், அவசரப்படாமல் கேட்கிறார். 'அப்பாவுக்கு போன் பண்ணலாமா' என்று பையன் கேட்டபோது பாட்டியைப் பார்த்துவிட்டு, 'நாளைக்குக் கண்ணா' என்றார். அந்த ஒரு பார்வையை நாங்கள் இருவருமே குறித்திருந்தோம்.

வியாசர்பாடி வீட்டுக்குள் நுழைந்ததும் பையன் செய்த முதல் காரியம், வெளியே நிற்கும் வேனில் ஏறி ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்த்தது. 'பசங்க டிபன் பாக்ஸ வுட்டுட்டுப் போய்டுவானுங்க. நான்தான் கிளீனரு' என்றான். அத்தை ஊட்டினால் வாங்காதவன், அப்பா தட்டை வைத்துவிட்டுப் போனதும் தானே சாப்பிட்டான். வீட்டுப்பாடம் அப்பாவுக்குத் தடுமாற்றம். ஆங்கில வாக்கியங்களைப் பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவியிடம் கேட்டு வரச் சொன்னார். மூன்று வருகையிலும் குடியின் அறிகுறி இல்லை. தெரு ஆகஸ்டில் காய்ந்து கிடந்தது. நவம்பரில் தண்ணீர் நிற்கும் என்பதும் உண்மை. அப்பாவே சொன்னார், ரெண்டு நாள் அக்கா வீட்டு மாடியில் இருப்போம் என்று.

'சாத்துவாரு'

மூன்றாவது வருகை மாலை நேரம். புறப்படும் முன் அப்பா இரட்டைக் கதவை இழுத்து மூடிக் காட்டினார், தாழ்ப்பாள் சரியாகப் பிடிக்கவில்லை என்று. பையன் ஓடிவந்து சங்கிலியில் பூட்டை மாட்டினான். அது அவன் வேலையாம். 'அப்பா சாத்திட்டாருன்னா இனிமே யாரும் வர முடியாது' என்றான் பெருமையோடு.

எல்லா வருகையும் முடிந்த பின் முதல் அறிக்கையையும் நீதிமன்றம் வழியாகக் கேட்டு வாங்கிய கைக்குறிப்புகளையும் படித்தேன். ஆலோசகர் பையனிடம் நாற்பது நிமிடம் பேசியிருக்கிறார். அந்த நோட்டில் ஒரு வரி, தமிழ் வாக்கியம் ஆங்கில எழுத்தில்: 'நைட்டு அப்பா சாத்துவாரு, அப்புறம் தூங்குவோம்.' அறிக்கைக்கு வரும்போது 'சாத்துவாரு' என்பது 'அடிப்பார்' ஆகியிருந்தது. 'அப்புறம் தூங்குவோம்' விடுபட்டிருந்தது.

சாத்துவது என்றால் கதவை மூடுவது. சென்னைப் பேச்சில் நன்றாகப் போட்டு அடிப்பதற்கும் அதே சொல்தான். இரண்டு அர்த்தமும் ஆலோசகருக்குத் தெரியாமல் இருக்காது. அவர் வேண்டுமென்றே திரித்தார் என்று நான் நினைக்கவில்லை. அந்த முகவரியைக் கேட்டதும், அந்த ஆறு வரிகளை மனசில் எழுதிய பிறகு, இந்தச் சொல் வந்திருக்கிறது. இரண்டு அர்த்தத்தில் ஒன்றுதான் காதில் விழுந்திருக்கிறது. இதே வாக்கியத்தை அண்ணா நகர் வீட்டைப் பற்றி ஒரு பையன் சொல்லியிருந்தால் தாத்தா கதவைத்தான் சாத்தியிருப்பார்.

அன்று இரவு எனக்கு இருந்த உற்சாகத்தை மறைக்க விரும்பவில்லை. வழக்கே முடிந்தது என்று அறிக்கையைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்துவிட்டேன். மறுநாள் பயிற்சிப் பெண் என் வரைவைப் படித்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: 'மேடம், சாத்துறதுன்னா கதவுன்னு ஆயிடுச்சு, சரி. ஆனா அவர் அடிப்பாரா மாட்டாரான்னு நாம அவன்கிட்ட கேக்கவே இல்லையே.'

உண்மை. ஒரு தவறான மொழிபெயர்ப்பைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில், அந்தக் கேள்வியே தீர்ந்துவிட்டதாக எடுத்துக்கொண்டேன். அயனாவரத்து ரோஷம் எழுதிய வரைவு அது. அதைக் கிழித்துப் போட்டோம். பையனை இரண்டு வீட்டுக்கும் பொதுவான இடமாக என் அறையில் இரண்டு முறை தனியாகச் சந்தித்தோம். நேரடியாகக் கேட்காமல் வரையவும் விளையாடவும் விட்டுப் பேசினோம். பழைய பள்ளியின் வகுப்பாசிரியையிடமும், இரண்டு வயதிலிருந்து அவனைப் பார்க்கும் டாக்டரிடமும் விசாரித்தோம். உடம்பில் காயத்தோடு வந்ததை இருவரும் பார்த்ததில்லை. பையன் இரண்டாவது சந்திப்பில் சொன்னான்: 'ஒரு வாட்டி அப்பா ஸ்கேலால குடுத்தாரு. அப்போ குடிச்சிருந்தாரு. அம்மா அழுதாங்க.' அப்பாவிடம் கேட்டபோது மறுக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'அவனுக்கு ஞாபகம் இருக்கா?' என்றார்.

இதையும் அறிக்கையில் எழுதினேன். இன்னொன்றையும் அவன் சொன்னான். கிளம்பும்போது, போகிறபோக்கில்: 'பாட்டி வூட்ல அப்பான்னு சொன்னா டிவிய சத்தமா வெச்சிடுவாங்க.'

அறிக்கை, ஆட்சேபம், உத்தரவு

என் அறிக்கை பன்னிரண்டு பக்கம், தமிழில். பார்த்தது, கேட்டது, நான் கருதுவது என்று மூன்று பகுதி. முதல் பகுதியில் இருக்கும் எந்த வரிக்கும் தேதியும் நேரமும் உண்டு. பையனின் நலனுக்கு அப்பா வேண்டும், அம்மாவும் வேண்டும், பள்ளி நாட்களில் பெரும்பகுதி அப்பாவிடம் இருப்பது நல்லது என்று பரிந்துரைத்தேன். அம்மா வீட்டுப் பெரியவர்களுக்கு ஆலோசனை தேவை என்றும் சேர்த்தேன். பையன் திரும்பவும் படுக்கையில் நனைக்கத் தொடங்கியிருந்தான். அதை அம்மாவே என்னிடம் சொன்னார், யாரும் கேட்காமல், தனக்கு எதிராகப் போகும் என்று தெரிந்தும். அதையும் அவர் சொன்னதாகவே பதிந்தேன்.

ஆலோசகரின் அறிக்கை மத்தியஸ்தப் பேச்சைப் போல ரகசியமானது, அதைத் தரப்பினருக்குக் காட்டக் கூடாது என்று ஒரு வாதம் எழுந்தது. மத்தியஸ்தத்துக்கு இருக்கும் ரகசியக் கட்டுப்பாடு, குழந்தையின் நலன் பற்றிய ஆலோசகர் அறிக்கைக்கு அப்படியே பொருந்தாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீதிபதி இரண்டு அறிக்கைகளையும் இரு தரப்புக்கும் கொடுத்தார். பிறகு பையனைத் தன் அறைக்கு அழைத்து அரை மணி நேரம் பேசினார். விவரம் தெரிந்து விருப்பம் சொல்லும் வயது இருந்தால் அதை நீதிமன்றம் கணக்கில் எடுக்கலாம் என்கிறது 1890 சட்டத்தின் 17-ஆம் பிரிவு. அங்கே அவன் என்ன சொன்னான் என்பது பதிவில் இல்லை. இருக்கவும் கூடாது.

உத்தரவு செப்டம்பர் கடைசியில் வந்தது. முதல் அறிக்கையின் அடிப்படையில் முடிவெடுப்பது பாதுகாப்பானதல்ல என்று நீதிபதி எழுதினார். எழுதிய நபரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. 'பாரபட்சம்' என்ற சொல் உத்தரவில் எங்கும் இல்லை. கண்காணிப்பு நீக்கப்பட்டது. ஆனால் பள்ளி நாட்களைப் பற்றிய என் பரிந்துரை ஏற்கப்படவில்லை. ஜூனில் பள்ளி மாறிவிட்டதே, ஒரே ஆண்டில் இரண்டாம் முறை மாற்றினால் பையன்தான் தவிப்பான் என்றார். பள்ளி நாட்கள் அம்மாவிடம். வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை அப்பாவிடம், அவரே பள்ளியில் கொண்டுவிட வேண்டும். விடுமுறைகள் பாதி. ஒப்படைப்பு பள்ளி வாசலில், எந்த வீட்டு வாசலிலும் இல்லை.

அந்தத் தர்க்கத்தில் நான் குற்றம் காண மாட்டேன். பிப்ரவரியில் வந்த ஒரு தவறான வரி ஜூனில் ஒரு பள்ளி மாற்றமானது. செப்டம்பரில் அந்த வரியை அடித்தாலும் பள்ளியை அடிக்க முடியவில்லை. ஏழு மாதம் அப்பாவும் மகனும் வாரம் இரண்டு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் பார்த்துக்கொண்டதற்கு உத்தரவில் எந்தக் கணக்கும் இல்லை.

அதன் பிறகு

அடுத்த மே மாதம் இரு தரப்பும் மத்தியஸ்தத்தில் உட்கார்ந்து கூட்டு மெமோ போட்டார்கள். பள்ளி மாறவில்லை. புதன்கிழமை மாலை கூடுதலாக அப்பாவிடம். மழைக்காலத்தில் தண்ணீர் நின்றால் அந்த வார இறுதி அண்ணா நகரிலேயே, பதிலுக்கு அடுத்த வாரம் ஒரு நாள் அதிகம். இந்தக் கடைசி ஷரத்தைச் சொன்னவர் அப்பா.

முதல் ஆலோசகரைப் பிறகு ஒரு பயிற்சி வகுப்பில் சந்தித்தேன். தயக்கத்தோடுதான் பேச்செடுத்தேன். அவர் தயங்கவில்லை. அந்த நவம்பர் செவ்வாயன்று ஆட்டோக்காரர் சுரங்கப்பாதைக்கு அப்பால் வர மறுத்தாராம். சுற்றிக்கொண்டு வேறு வண்டியில் போய், 'இருபது நிமிஷம்தான் நிப்பேன்' என்றவரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போயிருக்கிறார். ஆட்டோ காசு சொந்தப் பணம். மேஜையில் நாற்பது கோப்பு. 'உங்களுக்கு ஒரு கோப்பு, மூணு மாசம் டைம் இருந்துச்சு' என்றார். எனக்குப் பதில் வரவில்லை. 'சாத்துவாரு' பற்றிக் கேட்டேன். 'அப்படித்தான் கேட்டுச்சு' என்றார்.

இப்போது மாற்றியிருப்பவை

ஆலோசகர் அறிக்கை எழுதும் படிவத்தில் வருகை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், குழந்தை அப்போது இருந்ததா என்ற மூன்று கட்டங்கள் முதல் பக்கத்திலேயே இருந்திருந்தால், இந்த ஏழு மாதத்தில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும். யாரையும் யாரும் குற்றம் சாட்ட வேண்டியிருக்காது. இருபது நிமிடம் என்ற எண்ணை நீதிபதியே பார்த்திருப்பார். நான் என் அறிக்கைகளில் அந்தப் பக்கத்தைச் சேர்த்துவிட்டேன். மழை, வெயில் என்ன நிலையில் இருந்தது என்று ஒரு வரியும் உண்டு. குழந்தை சொன்னது தனித் தாளில், தமிழ் எழுத்தில், அர்த்தம் சொல்லாமல். அர்த்தம் வேறு தாளில், என் பெயரில். இரண்டாவது ஆள் இல்லாமல் வீடு பார்ப்பதில்லை. பணம் இல்லை என்றால் வழக்கை ஒப்புக்கொள்வதில்லை. இதனால் சில வழக்குகளை விட்டிருக்கிறேன், அவை யாருக்குப் போயின என்று எனக்குத் தெரியாது.

ஒன்று பாக்கி. என் அறிக்கைக்கும் ஆட்சேபம் வந்தது, அம்மாவிடமிருந்து. அயனாவரம் என்று அறிவித்துவிட்டால் சாய்வு போய்விடுமா என்று கேட்டிருந்தார். நான்கு காரணங்கள் சொல்லியிருந்தார். மூன்றுக்கு என் குறிப்பேட்டைக் காட்டிப் பதில் சொன்னேன். நான்காவது இது: எங்கள் வீட்டில் காபி கொடுத்தபோது தண்ணீர் போதும் என்றவர், அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். அது உண்மை. அன்று மதியம் அத்தை நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார், தட்டில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார், நான் மறுக்கவில்லை. வீட்டில் என் அம்மா வைப்பது போலவே இருந்தது. பயிற்சிப் பெண் தன் குறிப்பில் அதை எழுதியிருந்தார், நான் எழுதவில்லை. ஆம், சாப்பிட்டேன் என்று நீதிமன்றத்தில் பதிவு செய்தேன். இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் தண்ணீர் பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு போகிறேன்.